மை வைத்தேன், மருந்து போகவில்லை

கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ஜாதி நான். அப்படிப்பட்டவனை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டார்கள்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை. திருத்தணி மலைமேல் பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் முகாம். நர்ஸ் தேவகி அக்கா குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விடுவார். நான் இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைக்க வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவனுக்கு மத்திய சுகாதாரத் துறை கொடுத்த மொத்த அதிகாரமும் அந்தப் பேனாதான். ("நாடே உங்க கையில இருக்கு" என்று பயிற்சியில் சொன்னதிலிருந்து பேனா மூடியை நான் பத்துத் தடவை சரிபார்க்கிறேன்.)

பத்து மணிக்குப் போன் வந்தது. டெல்லி அதிகாரி பார்வையிட வந்துகொண்டிருக்கிறார். எதிரே வரிசையோ அனுமார் வால். கூட்டத்தைப் பார்த்துத் திட்டுவாரோ என்ற பயத்தில் ஒரு யோசனை பிறந்தது: வரிசையில் நிற்கும்போதே எல்லாருக்கும் மை வைத்துவிட்டால் பாதி வேலை குறையுமே! கடகடவென்று வைத்துக்கொண்டு போனேன். சுருட்டை முடிக்காரச் சிறுமி ஒருத்தி, மூன்று வயதிருக்கும், என் கட்டைவிரலைக் கடித்தாள். அவளுக்கும் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் அவளைக் காணோம்.

"அந்தப் பாப்பாவா? மொட்டைக்கு டோக்கன் கூப்ட்டாங்கன்னு அவங்கப்பா தூக்கினு பூட்டாரு," என்றார் பின்னால் நின்ற அம்மா.

தேவகி அக்கா என் பேனாவைப் பார்த்தார். "மருந்து போவாம மை வெச்சியா? இனிமே வீடு வீடா போற நம்ம ஆளுங்களும் வெரலப் பாத்துட்டு, போட்டாச்சுன்னு பூடுவாங்கடா பாவி! ஓடு!"

ஓடினேன். மொட்டையடிக்கும் மண்டபத்தில் எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய சின்னத் தலைகள். நான் தேடி வந்ததோ சுருட்டை முடியை! விரலை வைத்தாவது கண்டுபிடிக்கலாமென்றால், எல்லாவற்றிலும் என் மை.

ஒவ்வொரு குழந்தையின் முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டே போக, ஒருவர் என் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், யார்யா நீ? புள்ள புடிக்க வந்தியா?"

"இல்லீங்க, சொட்டு மருந்து..."

"அதான் மை கீதே. கண்ணு தெர்ல?"

அவர் தோளிலிருந்த மொட்டை என் பேனாவைப் பார்த்தது. "நைனா, அந்த ஆளு!" என்று வாயைத் திறந்து வீறிட்டது. அந்தப் பற்களை என் கட்டைவிரல் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

"ஆர்.கே.பேட்டை பஸ்ஸு கெளம்பிடும்யா," என்றவரிடம், காலில் விழாத குறையாக நடந்ததைச் சொல்லி அழைத்து வந்தேன். வந்தார். சட்டையை மட்டும் விடவில்லை. அந்தக் கோலத்தில்தான் டெல்லி அதிகாரி என்னை முதன்முதலாகப் பார்த்தார்.

"இவர் யாரு?" என்றார். (தமிழ்க்கார அம்மா! இந்தியில் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று வழியெல்லாம் வியர்த்தது வீண்.)

தேவகி அக்கா குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "மை வெக்கறவருங்க மேடம். தப்பு பண்ணிட்டாரு. தேடிக்கினு போயி இட்டாந்தும் உட்டாரு."

அதிகாரி குழந்தையின் சுண்டுவிரலைப் பிடித்து மையைப் பார்த்தார். "நாங்களும் ஊர் ஊராப் போய் விரலைத்தான் பார்த்துட்டு வர்றோம்," என்றார் மெதுவாக. பிறகு குழந்தையின் அப்பாவிடம், "சட்டையை விட்டுடுங்க, பாவம்," என்றார்.

சேதி எனக்கு முன்பே மலையிறங்கி வீட்டுக்குப் போய்விட்டது. இன்றைக்கும், "மோட்டாரை நிறுத்திட்டேன்" என்று நான் சொன்னால், என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறாள்:

"மை வெச்சியா, மருந்து குடுத்தியா?"

எழுந்து போய்ப் பார்க்கிறேன். பாதி நாள் தொட்டி வழிந்துகொண்டுதான் இருக்கிறது.