பவளம் ஒட்டவில்லை

தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நின்ற ஜீவராஜுக்கு, இடது கையால் மனைவிக்குப் போன் எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வலது கட்டைவிரலில் பவளத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது; வெளியே எடுத்தால் அது செத்துவிடும் என்று பயம்.

வீடியோவில் நிரஞ்சனியின் முகம் வந்தது.

"என்னங்க, கைய எங்க வச்சிருக்கீங்க?"

"தொட்டிக்குள்ளதான். சுப்பர் குளூ பூசினேன். வெரல் ஒட்டிருச்சி."

"பவளம்?"

"அது வெரல்லதான் இருக்கு. கண்ணாடியப் புடிக்கல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விரல் எரிந்தாலும், இன்னும் இரண்டு விரலைச் சேர்த்து ஒட்டியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது.

"இழுக்காதீங்க. மெதுவா உருட்டி எடுங்க. பவளத்தத் தொட்டி அடியில நிமித்தி வச்சிருங்க, சாகாது."

நிரஞ்சனி விஞ்ஞான டீச்சர். தை மாதம் நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றம் வந்தது. உக்குவளை வீட்டில் அவள் விட்டுப்போனவை இரண்டு: கடல்நீர்த் தொட்டி, புருஷன். தொட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் விளக்கிவிட்டுப் போனாள்.

அது பம்ப் ஒன்று இராப்பகலாக அலையடிக்கும், அடியில் மணல் போடாத தொட்டி. அழுக்கு விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி. கல்லும் மணலும் இல்லாததால், பண்ணையில் வளர்த்து விற்கும் பவளத் துண்டுகளைப் பக்கக் கண்ணாடியில்தான் ஒட்ட வேண்டும். அவள் ஒட்டியவை அசையாமல் நின்றன. போன லீவில் அவள் கொண்டுவந்து கொடுத்த புதுத் துண்டுகள்தான் ஜீவராஜின் கையில் அகப்பட்டு விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன.

அந்தத் துண்டுகள் வருவதற்கு முன்பெல்லாம் இருவரும் போனில் பேசுவது ஒரு தந்தி அளவுக்குத்தான் இருக்கும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். சரி, வைக்கிறேன்."

வைத்த பிறகு அவளுடைய கதிரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நீ இல்லாமல் இந்த வீடு பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யட்டவத்தயில் கந்தோரில் பைல் பார்க்கும் ஒரு பெரிய மனுஷன் போனில் எப்படி அழுவது?

விரல் ஒட்டிய மறுநாள் அவள் மாவு மாதிரிப் பிசைந்து ஒட்டும் பசையைச் சொன்னாள். ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி மனம் வைத்துப் பிசைந்தான். பெரிதாக இருந்தால் பலமாக நிற்கும் என்று தேங்காய்ப் பாதி அளவுக்கு உருட்டி அப்பினான். கையை எடுத்ததும் அது மெதுவாகக் கண்ணாடியில் வழுக்கி, அவள் ஒட்டிவைத்திருந்த பழைய துண்டுகளையும் அணைத்துக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தது.

"பழசும் போயிருச்சா?" என்றாள் நிரஞ்சனி.

"ம்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. தொட்டிய இங்க கொண்டாந்துருங்க."

ஜீவராஜ் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஆசையாக விசாரிப்பதே அந்தத் தொட்டியைத்தான். அதுவும் போய்விட்டால் லீவுக்கு அவள் எதற்காக உக்குவளைக்கு வர வேண்டும்? அவனைப் பார்க்கவா?

"வேணாம், வேணாம். நான் ஒட்டிருவேன்" என்றான் அவசரமாக.

நிரஞ்சனியின் குரல் உப்புச்சப்பில்லாமல் வந்தது. "சரி, ஒட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை யாரையும் கேட்காமல் சொந்த மூளையைப் பாவித்தான். குளியலறைச் சுவரில் சவர்க்காரம் வைக்கும் ரப்பர் உறிஞ்சி இருந்தது. அதைப் பிடுங்கி, அதன் தலையில் பவளத்தைக் கட்டி, கண்ணாடியில் அழுத்தினான். நின்றது! கையைத் தட்டிக்கொண்டான். தட்டிய சத்தத்துக்கே உறிஞ்சி கழன்று, அலையடிக்கும் பம்பின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. பம்ப் திரும்பி மேல்நோக்கிப் பீய்ச்சியது. சுவர், சாமிப்படம், ப்ளக் எல்லாம் உப்புத்தண்ணீரில் குளித்தன. டப்பென்று வீட்டுக் கரண்ட் போய்விட்டது.

அவன் போட்ட கூச்சலில் அக்கா முறைக்கு அவன் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு றஸ்மியா ஓடிவந்தாள். ஸ்டேஷனடியில் மீன் கடை வைத்திருப்பவள். சமையலுக்கு இல்லை, வளர்க்கிற மீன்.

"என்ன சேர் இது, வீட்டுக்குள்ள மழையா?"

"ராத்தா, தொட்டி போயிரும். தொட்டி போனா அவளும் வர மாட்டா" என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டான். கண்ணும் கலங்கிவிட்டது.

றஸ்மியா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கொட்டைப்பாக்கு அளவு பசையை எடுத்துப் பவளத்தின் அடியில் வைத்துக் கண்ணாடியில் அழுத்தி, கையை எடுத்தாள். பவளம் நின்றது. அடுத்ததும் நின்றது.

"எப்புடி ராத்தா?"

"தண்ணி ஓடக்கொள்ள எப்புடி சேர் ஒட்டும்? பம்ப நிப்பாட்டிட்டுத்தான் ஒட்டோணும். இப்ப கரண்ட் இல்லாத்ததால நல்லதாப் போச்சி."

ஜீவராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஈரக்கையோடு போனை எடுத்து நிரஞ்சனிக்கு அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியது.

றஸ்மியா பாய்ந்து போனைப் பொத்தினாள்.

"ஒட்டிட்டுதுன்டு மட்டும் செல்லிடாதீங்க சேர்! பம்ப நிப்பாட்டுற விஷயத்த ஒங்களுக்குச் செல்லக் கூடாதுன்டு டீச்சர் எனக்கிட்ட சத்தியம் வாங்கி ஈக்காங்க. ஒட்டிட்டா நீங்க பேச மாட்டீங்களாம்."