பேர்வெட்டி அண்ணையும் பிரபுவின் சிங்கமும்

ஸ்காபரோவில் கள்ளனே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப்போன வீடு ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மாடிக் கட்டடத்தில் பேர்வெட்டி அண்ணையின் வீடு. எதைத் தூக்கினாலும் அதில் அவர் பெயர் இருக்கும். ஊரில் இரவல் போகும் அண்டா, கிடாரத்துக்குப் பெயர் வெட்டுவோமல்லவா, மனுசன் அந்த வழக்கத்தைக் கனடாவுக்கும் காவி வந்துவிட்டார். பனி அள்ளும் சவள், பாண் வாட்டும் ரோஸ்டர், குப்பை வாளி, எல்லாவற்றிலும் 'வே.க.' நான் இரவல் கொடுத்த குடைகூட 'வே.க.'வாகத்தான் திரும்பி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், அவர் பராமரித்துவந்த ஆங்கிலேயக் கிழவி சாகுமுன் அவருக்கு ஒரு சாமான் கொடுத்தாள். தங்க முலாம் பூசிய வெள்ளி. நடுவில் பெரிய கிண்ணம், சுற்றிவர நாலு கைகள், கைக்கொரு குட்டிக் கிண்ணம். இருநூறு வருடத்துக்கு முன் லண்டனில் செய்த சாப்பாட்டு மேசை அலங்காரமாம். கூடவே, அது யார் யாரிடம் இருந்தது என்று ஒரு கடதாசி: முதலில் ஒரு பிரபு, பிறகு அவர் மகள், பிறகு ஒரு கப்பல் கப்டன், கடைசியில் கிழவி.

"வெள்ளைக்காரனுக்கு உது என்னத்துக்கெண்டே தெரியேல்லையடா! சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ. நடுவிலை பன்னீர்ச்செம்பு!" என்றார் அண்ணை.

அன்றிலிருந்து மார்க்கம் நகர் முதல் மிசிசாகா நகர் வரை கல்யாண வாசல்களில் அதுதான் நின்றது. இரவல் போகும் சாமானைச் சும்மா விடலாமா? அதில் பொறித்திருந்த பிரபுவின் சிங்க முத்திரைக்குப் பக்கத்திலேயே ஆணியும் சுத்தியலுமாக இறங்கிவிட்டார். சாமான் அசையாமல் அதன் காலைப் பிடித்தவன் நான். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வர, 'க' கோணலாகிப் போனது.

பிறகுதான் கடதாசியில் தன் பெயர் இல்லையே என்று அவருக்கு உறைத்தது. அதை எழுதிக்கொடுத்த டவுன்ரவுன் பழம்பொருள் கடைக்குப் போனோம். மொழிபெயர்ப்பாளர் நான். செக்யூரிட்டி வேலையில் பொறுக்கிய 'யெஸ் சேர்'தான் என் மொத்த ஆங்கிலம். கடைக்காரர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். முகம் வெளிறியது. சேதமாம். அந்தக் கீறலை உரஞ்சி எடுத்தால் பட்டியலில் பெயரைச் சேர்ப்பாராம்.

அண்ணை கொதித்தெழுந்தார்.

"பேரை அழிச்சால்தான் பேர் எழுதுவானாமோ? பிரபு வெட்டினால் சரித்திரம், நான் வெட்டினால் கீறலோ? அந்தப் பிரபு ஒரு நாளெண்டாலும் உந்தச் சாமானை மினுக்கியிருப்பானோ? கேளடா உவனை!"

நான் கடைக்காரரிடம் பணிவாக, "ஹீ சேஸ் தேங்க் யூ" என்றேன்.

"டேய், உந்தளவு இங்கிலீசு எனக்கும் தெரியும்!"

வரும் வழியில் சாமானை மடியில் வைத்துக்கொண்டு பஸ் முழுவதுக்கும் தமிழில் நியாயம் கேட்டார். எதிரே இருந்த சீனக் கிழவர் ஒருவர் தலையாட்டினார். "பாத்தியே, அந்தாளுக்கு விளங்குது!"

கடைசிவரை அவர் உரஞ்ச விடவில்லை. கடைக்காரரும் எழுதவில்லை.

அண்ணை இப்போது இல்லை. சாமானை என்னிடம் விட்டுப்போனார். பட்டியலில் கிழவிக்குக் கீழே அவர் பெயரை நானே எழுதினேன். அத்தோடு பேனாவை மூடிவிட்டேன்.

போன மாதம் என் மகளின் கல்யாண வாசலில் ஒரு பிள்ளை கேட்டாள்: "அங்கிள், நல்ல வடிவாயிருக்கு. ஆருடைய சாமான் உது?"

சந்தனம் பட்ட விரலால் அந்தக் கோணல் 'க'வைத் துடைத்துக் காட்டினேன்.

"பேர் கிடக்கு, பார் பிள்ளை. நான் இரவல்தான் வாங்கினனான்."