உப்பில்லாத சூப்பும் என் கிரிமினல் வழக்கும்

நான் சிறைக்குப் போவது உறுதி என்பதில் அன்று எங்கள் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. எந்தச் சிறை என்பதில்தான் கருத்து வேறுபாடு. அப்பா மதுரை என்றார்; வாரந்தோறும் அவ்வளவு தொலைவு போய்வர முடியாதென்று சித்தப்பா தேனிக்காக வாதாடினார்.

என் குற்றம் இது. உரிமம் வாங்கி ஒன்பதே நாளான நிலையில், ஓடைப்பட்டிச் சாலையில் ஸ்கூட்டரில் போய் (ஆடுகள் என்னை முந்திச் செல்லும் வேகத்தில்), திராட்சை வியாபாரி பெருமாளண்ணனின் மொபெட் மீது மோதினேன். அவருக்குக் கால் முறிந்தது. அதன்பின் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விசாரிக்க வந்த காவலரிடம், "முழுப் பொறுப்பும் என்னுடையதே" என்று மேடைத் தமிழில் அறிவித்தேன். நிறைய வாசித்ததன் பயன். (அவர், "மெதுவாச் சொல்லும்மா, எழுதணும்ல" என்றார்.)

கவனமின்றி ஓட்டிக் காயப்படுத்தியதாக வழக்குப் பதிவானது. எனக்கு வந்திருந்த அரசு நூலகர் பணி ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. விடுதலையானால் வேலை உண்டு, தண்டனையானால் இல்லை.

"அடிபட்டவரு போலீஸ் தரப்புச் சாட்சி. யாரும் அவரப் பாக்கப் போயிறாதீக," என்று எங்கள் வக்கீல் எச்சரித்தார்.

அம்மா அன்று காலையே ஆட்டுக்கால் சூப்போடு போய்விட்டு வந்திருந்தாள். எலும்பை முறித்த வீடுதான் அது கூடும்வரை சூப் கொடுக்க வேண்டும் என்பது அவள் அறிந்த ஒரே சட்டம்.

"ஆத்தா, கேசே கெட்டுப்போகும்!"

"கேசு ஒங்களுது வக்கீலய்யா. காலு எங்களுதுல்ல?"

எலும்பு கூடும்வரை நாற்பத்தெட்டு நாளும் சூப் போயிற்று.

விசாரணைக்கு நான் பதினொரு பக்க உரையோடு போனேன். வக்கீல் அதை வாங்கி விசிறிக்கொண்டார்.

பெருமாளண்ணன் கூண்டேறினார். "திராட்சைப் பெட்டி சரியுதேன்னு பின்னால பாத்துக்கிட்டே நாந்தாய்யா மெயின் ரோட்டுல ஏறுனேன். இந்தப் புள்ள மேல தப்பில்ல."

அரசு வக்கீல் எழுந்தார். "தெனமும் அவுக சூப்பக் குடிச்சிட்டு அவுகளுக்குச் சாதகமாப் பேசுறீரா?"

என் வேலை அந்த நொடியில் அம்மாவின் தூக்குவாளியில் தொங்கியது.

"அந்தச் சூப்புல உப்பே இருக்காதுய்யா. அதக் குடிச்சவன் எதிராத்தான் சாட்சி சொல்லுவான். நடந்ததச் சொல்றேன்."

நீதிபதி சட்டென்று தாள்களுக்குள் குனிந்துகொண்டார். அம்மா எழுந்தாள். "கட்டுப்போட்ட காலு வீங்கிருமேன்னு உப்பக் கொறச்சேன்யா!" அவளை உட்காரவைக்க இருவர் வேண்டியிருந்தது.

அடுத்த வாய்தாவில் விடுதலை. நீதிமன்ற வாசலில் நின்றபோதுதான், இத்தனை மாதமும் அரை மூச்சே விட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் குறைந்தால் இன்றும், "சாட்சியக் கூப்புடு" என்பார்கள். வக்கீல் காலமாகிவிட்டார். அம்மா போய் மூன்று ஆண்டாகிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு பெட்டித் திராட்சையோடு, சற்றே சாய்ந்து நடந்து, பெருமாளண்ணன் என்னைப் பார்க்க வருகிறார். சூப் இப்போது நான் வைக்கிறேன். உப்பை அவரே போட்டுக்கொள்கிறார். அந்த வழக்கில் மிஞ்சியிருப்பது நாங்கள் இருவர்தான்.