அம்மன் ஊர்வலமும் நூற்றைம்பது ஆம்ப்பும்

அன்றைக்கு லோரியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அம்மன். அம்மன் பக்கத்தில் பூசாரி வீரப்பன். முன்னால் என் மனைவி செல்வி, மடியில் தேங்காய்க் கூடை. ஸ்டேரிங்கில் நான். மச்சான் குணா லோரியில் இல்லை, பக்கத்தில் நடந்து வந்தார். அதனால் எல்லாவற்றையும் பார்த்தார்.

வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் எஸ்டேட் மந்தின் டவுன் பக்கம். (ஆட்கள் இப்போது தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளில். கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே.) திருவிழாவுக்கு எப்போதும் மச்சான் லோரிதான் அம்மனைச் சுமக்கும். அந்த வருடம் அது பட்டறையில் கிடந்தது. பல வருடம் கேட்டும் கிடைக்காத வாய்ப்பு எனக்கு வந்தது. ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருடமும் என் லோரி. சொதப்பினால் மறுபடி மச்சான்.

“லைட்டுக்கு என் ஜெனரேட்டர எடுத்துக்குங்க மாப்ள,” என்றார்.

“வேணாம். அது சத்தம் போடும். லோரி கரண்டே போதும்லா.”

போதாது என்று எனக்கே தெரியும். அலங்கார விளக்கு, மைக், ஒலிபெருக்கி எல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழசு, சிறுசு. பெரிதாக ஒன்று வாங்க மந்தினில் பழைய சாமான் கடைக்குப் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தொண்ணூறு ஆம்ப். மற்றது நூற்றைம்பது.

“லோரி லாஜு கா, பெலான் கா?” என்றார். வேகமாகப் போகுமா, மெதுவாகப் போகுமா என்று கேட்கிறார்.

“லாஜு,” என்றேன். (மேட்டில் என் லோரியை சைக்கிள் முந்தும்.)

பெரியது வேகமாகச் சுற்றினால்தான் கொடுக்கும், மெதுவாகச் சுற்றினால் பழசைவிடக் குறைவு என்று அவர் விளக்கினார். தலையாட்டினேன். என் கண் நூற்றைம்பதில் இருந்தது. தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஊர்வலம் நடை வேகத்தில் போகும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கிளம்பும்போது விளக்கெல்லாம் ஜொலித்தது. பேட்டரியில் இருந்த கரண்ட் அது. பத்து வீடு தாண்டவில்லை, அம்மன் முகம் மங்கியது. பூசாரி கூரையில் தட்டினார்.

“தம்பி, சாமி தெரியல! எண்ணெய மிதி!”

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது. அம்மன் பளிச்சென்று வந்தாள். கூடவே கரும்புகை, வெள்ளை வேட்டிகள் மேல்.

“மணிச் சத்தம் கேக்கல! விடு!”

விட்டேன். இருட்டு.

ஒவ்வொரு வாசலிலும் இதுதான். அர்ச்சனைத் தட்டு வந்தால் மிதி, மந்திரம் சொன்னால் விடு. செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன சாமான் வாங்குனீங்க?”

“பெருசு.”

ஜன்னலில் மச்சான் தலை தெரிந்தது. முகமெல்லாம் கரி. “வேகமா போனாத்தான் அம்மன் தெரியும்போல. ஹைவேல ஊர்வலம் வச்சிருக்கலாம் மாப்ள.”

முச்சந்தியில் பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். லோரி ஒரு குதி குதித்து நின்றது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். விளக்கு போனது, பாட்டு போனது. பூசாரி கையில் ஒரு கற்பூரம்.

“தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?” என்றேன்.

“இன்னொரு தடவ குதிச்சா அம்மன் கீழ வந்துரும். சும்மா தள்ளிக்கிட்டே போங்க கோயிலுக்கு!” என்றார் பூசாரி.

ஆணும் பெண்ணும் வந்து கை வைத்தார்கள். நான் இறங்கித் தள்ளக்கூட வழியில்லை. ஸ்டேரிங் பிடிக்க ஆள் வேண்டும். அம்மனோடு என்னையும் சேர்த்துத் தள்ளினார்கள். கோயில் வரைக்கும் நான் நிமிரவில்லை.

அடுத்த வருடம் மச்சான் லோரி ஜெனரேட்டரோடு தயாராக நின்றது. நான் கூட்டத்தில் ஒளிந்து நின்றேன். அப்போது ரஹாங்கிலிருந்து பார்வதி அக்கா வந்தார். போன வருடம் தள்ளும்போது மகளுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டாராம். வேலை கிடைத்துவிட்டதாம்.

“நான் தள்ளணும் பூசாரி. அதே லோரிய.”

வேண்டுதலை யார் மறுப்பது? அன்றிலிருந்து அம்மன் என் லோரியில்தான். முச்சந்தி வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மிச்ச வழி பக்தர்கள் தள்ளுவார்கள். வெளிச்சம் தர மச்சானின் ஜெனரேட்டர் பின்னால் வரும். புதிதாக வருகிறவர்கள் இது என்ன சம்பிரதாயம் என்று கேட்பார்கள். மச்சான் விளக்குவார். தவுக்கே கடையிலிருந்து தொடங்குவார். நான் ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருடம் தள்ளப் பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்தாறு பேர்.