பன்னிரண்டாம் நம்பர் தட்டில் மிச்சம் வைத்த சோறு

அன்பும் மதிப்பும் மிக்க டாக்டரம்மாவுக்கு, உங்கள் பசி குறைக்கும் மாத்திரை ஆய்வில் பன்னிரண்டாம் நம்பராக இருக்கும் தையல்காரி எழுதிக்கொள்வது. நான் நலம். உடம்பும் குறையாமல் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை என் தட்டில் மிச்சமிருந்த சோற்றைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல அப்படியே இருக்கும்மா! மாத்திரை வேலை செய்யுது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். அன்றிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து குறிப்பெடுக்கும்போது நான் எப்படி அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன்? புதுப்பெண்ணாக மாமியார் எதிரில் கொறித்ததுபோலக் கொறித்தேன். பசி எவ்வளவு என்று கோட்டில் புள்ளி வைக்கச் சொன்னீர்கள், பசியே இல்லை என்கிற ஆரம்ப முனையிலேயே வைத்துவிட்டேன். இடுப்பளவு கேட்டால் எந்தப் பொம்பளை சரியாகச் சொல்கிறாள்? இருபது வருஷமாக டேப் பிடிக்கிற எனக்குத் தெரியாதா? முதல் வாரமே வெளியே வந்தால் பஸ் நிறுத்தத்தில் ஏழாம் நம்பர் டீச்சரம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்க டெய்லரம்மா, முட்டை ரெண்டு இருக்கு" என்றார். அடுத்த வாரம் ஐந்து பாக்ஸ் வந்தது. அதற்கடுத்த வாரம் பேச்சு ருசியில் இரண்டு பஸ்ஸை விட்டோம். நிஜ மாத்திரை யாருக்கு, வெறும் மாவு மாத்திரை யாருக்கு என்று உங்களுக்கே தெரியாதாமே. அந்த பெஞ்சில் எங்களைப் பார்த்தால் ஆண்டவனுக்கும் தெரியாது.

"சும்மா இரேன், அந்தப் பொண்ணாவது சந்தோஷமா இருக்கட்டும்" என்கிறார் என் வீட்டுக்காரர். எப்படி இருப்பது? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற இன்னொருத்தி நாளைக்கு இதை நம்பி விழுங்குவாளே. அளவு தப்பினால் சட்டையைப் பிரித்துத் தைக்கலாம், இதை எங்கே பிரிப்பது? உங்களுக்கு என் மகள் வயது. திட்டுவதானால் திட்டுங்கள். என்னைப் பற்றிக் குறித்த தாள்களை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் ரொம்ப இளைத்துவிட்டீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். படிப்பும் பேரும் பெருக வேண்டும் என்று வாழ்த்தும்,
பன்னிரண்டாம் நம்பர்.

பி.கு.: தபாலில் போடுமுன் இதைப் பஸ் நிறுத்தத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஐந்து பாக்ஸும் சாப்பாட்டோடு அப்படியே மூடிக்கொண்டன. "நெஜமாவே பசிக்கல டெய்லரம்மா" என்கிறார் டீச்சரம்மா. சத்தியமாக எனக்கும் இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளுங்கள். இதை உங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் வருவதற்குள் இந்த மிச்சத்தை நிறுக்கத் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள்.