மாமாவின் லேப்டாப் ஒன்பது முறை செத்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. கேட்டதாகவும், நீ நலமென்று சொன்னதாகவும் வைத்துக்கொள்கிறேன். இங்கே உன் மச்சான், அவர் அப்பாவான மாமா, குட்டி மூவரும் முழுசாக சௌக்கியம். நான் பாதி. லேப்டாப் கால்.

சாயங்காலம் போனில் நீ சொன்னாய்: "அக்கா, அழுதுகிட்டே சொன்னா எனக்கு ஒண்ணும் விளங்கலை. என்ன பண்ணினே, என்ன ஆச்சு, வரிசையா எழுது. எதையும் விடாதே. போட்டோ எடுத்து அனுப்பு, காலையில ஷிப்ட் முடிஞ்சதும் பார்க்கிறேன்." உன் கம்பெனிக்குப் போன் செய்கிறவர்களிடமும் தினமும் இதைத்தான் சொல்வாய் என்று நினைக்கிறேன். அவர்களில் யாராவது நிஜமாகவே எதையும் விடாமல் எழுதினார்களா என்பது தெரியாது. நான் எழுதுகிறேன். தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

முதலில் விஷயம். நாளைக் காலை பத்து மணிக்கு எனக்கு நேர்காணல். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேதியியலாளர் வேலை. குட்டி வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை மாதிரியேதான், இன்னும் கொஞ்சம் பெரியது. நேர்காணல் பிரவுசர் வழியாகத்தான், கேமரா உள்ள கணினியில்தான், கைபேசி கூடவே கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என்னுடைய கணினி போன வருஷமே பாலில் குளித்துப் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஆகவே வீட்டில் இருப்பது மாமாவின் லேப்டாப் ஒன்றுதான். அதில்தான் பிரவுசர் திறந்தால் சக்கரம் சுற்றுகிறது, திரை வெளுக்கிறது, அப்புறம் செத்துப்போகிறது. நேற்று முன்தினத்திலிருந்து இன்று மாலை வரை ஒன்பது முறை. செத்த பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்து, நடந்ததற்கு வருந்துகிறோம், விட்டுப்போன பக்கங்களை மீட்டுத் தரட்டுமா என்று கேட்கிறது. நான் ஆமாம் என்று அழுத்துகிறேன். போனதைத் திருப்பித் தருகிறேன் என்று ஒருத்தர் மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல நம்ம வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையே.

முதல் முறை செத்தபோது உன் மச்சானுக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்றார். பண்ணினேன். இரண்டாவது முறை செத்தது. திரும்பக் கூப்பிட்டேன். "ஓவர்லோடா இருக்கும். நாலு பேரை இறக்கி விடு" என்றார். "இது லிஃப்ட் இல்லைங்க, லேப்டாப்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்டி" என்று வைத்துவிட்டார். இந்த மனுஷனிடம் கேட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சூடுதான் காரணமோ என்று அடுத்துத் தோன்றியது. வேதியியல் படித்தவள் இல்லையா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று, குட்டியின் அட்டைப் புத்தகங்களை நாலு மூலைக்கு நாலு வைத்து, அதன் மேல் லேப்டாப்பை ஏற்றி, எதிரே மேசை விசிறியைத் திருப்பினேன். சூடு அடங்கவில்லை. குட்டிக்கு அடிபட்டால் வைப்பதற்கு ஃப்ரிட்ஜில் ஒரு ஐஸ் பை இருக்குமே, அதைத் துண்டில் சுற்றி அடியில் செருகினேன். அந்த நேரம் பார்த்து மாமா கூடத்துக்கு வந்தார். உனக்குத்தான் தெரியுமே, முப்பத்துநாலு வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவர், ஓய்வு பெற்றும் கையில் அந்த நோட்டை விடவில்லை. வீட்டில் எது நடந்தாலும் நேரம் போட்டு எழுதுவார். பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், போனார். அவர் குளிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். "3.20. கணினிக்குக் காய்ச்சல். ஒத்தடம்." ஒத்தடத்துக்குப் பிறகு மூன்றாவது, நாலாவது முறை செத்தது.

இப்போது வருவதுதான் பெரிய கண்டம். லேப்டாப்பைத் துடைக்கும்போது பார்க்கிறேன், விசைப்பலகையில் இடது மேல் மூலைப் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும். குட்டி தரையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன், சிரித்தாள், விரலை விட்டேன், கடித்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் உள்ளே போய்விட்டது என்றுதானே அர்த்தம்! தூக்கிக்கொண்டு ஓடினேன். குழந்தை டாக்டருக்கு இப்போதெல்லாம் என் காலடிச் சத்தமே தெரிகிறது. "இந்தத் தடவை என்னம்மா?" என்றார். "லேப்டாப்பை முழுங்கிட்டா டாக்டர்" என்றேன். "முழுசாவா?" என்றார். வயிற்றை அழுத்திப் பார்த்தார், தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கா. ஒருவேளை போயிருந்தாலும் தானா வந்துடும். ரெண்டு நாள் கவனிங்க" என்றார். கவனித்தேன். எப்படிக் கவனித்தேன் என்பதை, நீ எதையும் விடாதே என்று சொல்லியிருந்தும், விடுகிறேன்.

இன்று மத்தியானம் மாமாவின் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுக்கப் போனவள் கை தவறித் திறந்துவிட்டேன். உள்ளே அந்தப் பொத்தான். பஞ்சில் பொதிந்து. நான் கத்திய கத்தலில் குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். மாமா நிதானமாக நோட்டைப் புரட்டிக் காட்டினார்: "திங்கள், 8.05. கூடத்தில் கண்டெடுத்த பொருள், ஒன்று. உரியவர் கேட்கும் வரை காவலில்."

"ஏன் மாமா சொல்லலை?"

"யாரும் காணோம்னு சொல்லலையேம்மா."

இரண்டு நாள்! உங்கள் லேப்டாப்பைக் குழந்தை தின்றுவிட்டது என்று அவரிடம் சொல்லப் பயந்து நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பொத்தானைப் பொருத்தினேன், சரியாக உட்கார்ந்தது. பிரவுசரைத் திறந்தேன். ஏழாவது முறை. (ஐந்தும் ஆறும் நடுவில் வந்து போயின, அவற்றில் விசேஷம் இல்லை.)

எட்டாவது நீயே பார்த்தாய். ஒத்திகைக்கு உன்னை வீடியோவில் கூப்பிட்டு, "என் பலம் பொறுமை" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது உறைந்துபோனேனே, அது. வாய் பிளந்தபடி நின்றேன் என்று சொல்லிச் சிரித்தாய். அப்போது நீ ஒன்று கேட்டாய், அதையும் எழுதிவிடுகிறேன்: "மேலே எத்தனை டேப் திறந்திருக்கு?" என்று. என்னுடையது கொஞ்சம்தான் என்றேன். அது உண்மை. குட்டி ஏன் தூக்கத்தில் சிரிக்கிறாள், ஏன் சிரிக்கவில்லை, ஏன் இடது பக்கமே திரும்பிப் படுக்கிறாள், பதினாலு மாதத்தில் எத்தனை பல், பல் கூடிப்போனால் என்ன, இப்படி அத்தியாவசியமானவை மட்டும்தான். கவலை தீராமல் பக்கத்தை எப்படி மூடுவது? மற்றதெல்லாம் மாமாவுடையது. சீப்புப் பல் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறது, தலைப்புகூடத் தெரியாது. நான் தொடுவதில்லை. பெரியவர் தனக்காக எடுத்து வைத்திருப்பதை மருமகள் உள்ளே புகுந்து பார்ப்பதும் மூடுவதும் நல்லாவா இருக்கும்? காலையில் ஒரு மணி நேரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ படிப்பார். நான் போனால் திரையைத் தாழ்த்திவிடுவார்.

ஒன்பதாவது முறை செத்தபோது நான் அழுதேன், உனக்குப் போன் செய்தேன். அவ்வளவுதான் வரலாறு.

ஆனால் தம்பி, வரலாறு அது மட்டும் இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வேலை கிடைத்துவிட்டால் குட்டியை யார் பார்ப்பது? காப்பகத்தில் இரண்டு வயது முடியாமல் சேர்க்க மாட்டார்களாம். உன் மச்சான், "அப்பாதானே வீட்ல இருக்கார், நீயே கேளேன்" என்கிறார். நானே கேட்க வேண்டுமாம்! வாழ்நாள் முழுக்க ராத்திரி பகலாக சிக்னல் லீவர் இழுத்துவிட்டு இப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம், எழுந்து டயப்பர் மாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? மூன்று நாளாகக் கேட்பதற்கென்றே அவர் அறை வாசலுக்குப் போகிறேன். "என்னம்மா?" என்கிறார். தொண்டை வரை வருகிறது. "டீ போடட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். மூன்று நாளில் அந்த மனுஷன் பதினாலு டீ குடித்திருக்கிறார். ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டேன். நான் நேர்காணலுக்கு உட்காரப் போவதில்லை. லேப்டாப் ஒன்பது முறை சொல்லியும் புரியாமல் இருக்க நான் என்ன மக்கா? குட்டிக்கு இரண்டு வயது ஆகட்டும், பார்க்கலாம். மனசு மாறிவிடக் கூடாது என்று அவர்கள் அனுப்பிய அழைப்பு மெயிலை அழித்துவிட்டேன், அழித்ததைக் குப்பையிலிருந்தும் அழித்துவிட்டேன். அவர்கள் முகவரியை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காலையில் நீ என் பெயரில், தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால் கலந்துகொள்ள இயலவில்லை என்று நாலு வரி அனுப்பிவிடு. எனக்கு அந்த நாலு வரியைத் தட்டச்சு செய்யக் கை வராது. ஞாயிற்றுக்கிழமை வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போ. மாமாவிடம் பக்குவமாக நீயே சொல்லிக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. காதில் மாட்டுவதை அரை மணிக்கொரு தரம் கழற்றி வை, காது மரத்துப்போகுமாம், அதற்கும் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். மாமா உன்னை விசாரித்தார் என்று எழுத ஆசை, தூங்குகிறார். விழித்திருந்தால் விசாரித்திருப்பார். குட்டி முத்தம் தருகிறாள், அவளும் தூங்குகிறாள். நீ நல்லா இருக்கணும், உனக்கு வரப்போகிறவளும் உன் மாதிரி பொறுமைசாலியாக இருக்கணும்.

உன் அன்பு அக்கா

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே! மெயில் அனுப்பாதே! இப்போது விடிந்து மணி ஆறரை. கிழித்துப் போட்டிருப்பேன், ஒன்பது பக்கம் எழுதின கை கேட்கவில்லை.

அந்தப் பெட்டியில் வரும் வாசகத்தை அப்படியே எழுத வேண்டுமே என்று காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். மாமா வழக்கம்போல் எழுந்து வந்துவிட்டார். பத்தாவது முறை அவர் கண்முன்னாலேயே செத்தது. வேறு வழியில்லாமல், "மாமா, கோவிச்சுக்காதீங்க, உங்க பக்கங்கள்ல கொஞ்சத்தை மூடிக்கட்டுமா?" என்றேன்.

"என் பக்கமா? எல்லாம் உன்னோடதுன்னு இல்ல நான் தொடாம இருக்கேன்! ஒருத்தர் இழுத்த லீவரை இன்னொருத்தர் கேட்காம தள்ளக் கூடாதும்மா."

உன் மச்சான் அவருக்குப் புதுப் பக்கம் திறக்கும் கூட்டல் குறியை அழுத்த மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எதைத் தேடினாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று திறப்பார், பழையது என்னுடையது என்று நினைத்து விட்டுவிடுவார். நான் அது அவருடையது என்று விட்டுவிடுவேன். எண்ணினோம். இருநூற்று முப்பத்தொன்று. என்னுடையது தொண்ணூறு. (கொஞ்சம்தான் என்றுதானே சொன்னேன்?) மீதியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன் தம்பி. "டயப்பரில் முன்பக்கம் எது", பத்தொன்பது தடவை. "அம்மா வேலைக்குப் போனதும் குழந்தை அழுதால்", பன்னிரண்டு தடவை. "ஒரு வயதுக் குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி, பாடத் தெரியாதவர்களுக்கு".

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"உன் நேர்காணல் பக்கத்தைத் தெரியாம பார்த்துட்டேன், இருபது நாளாச்சு. நீ வந்து கேட்பேன்னு இருந்தேன். நீ டீ வேணுமான்னுதான் கேட்டே."

அவர் நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு "மூடலாம்" என்பார், நான் மூடுவேன். அப்படி வேகமாக மூடிக்கொண்டே போனதில் நேர்காணல் பக்கத்தையும் மூடிவிட்டேன். மெயிலைத்தான் ராத்திரியே இரண்டு தரம் அழித்தாயிற்றே. மாமா நோட்டை என் பக்கம் திருப்பினார். அந்த இணைப்பு முகவரி, எழுபத்து மூன்று எழுத்து, ஒன்று விடாமல், பெரிய எழுத்துக்கெல்லாம் கீழே கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். அவர் வாசிக்க நான் தட்டினேன். திறந்தது. திரையில் என் முகம் வந்தது, தலையைச் சீவணும். சாகவில்லை. உன் மச்சானிடம் மட்டும் ஓவர்லோடு விஷயத்தைச் சொல்லிவிடாதே, இந்த ஜென்மத்துக்கும் சொல்லிக்காட்டுவார்.

இப்போது உள்ளே டயப்பர் ஒத்திகை நடக்கிறது. முன்பக்கம் பின்னால் போய்விட்டது போலிருக்கிறது, குட்டி சிரிக்கிறாள். நான் போகவில்லை. நோட்டு மேசை மேல் திறந்து கிடக்கிறது. கடைசி வரி இது: "6.20. பாதை காலி. பத்து மணி வண்டி போகலாம். குழந்தை என் பொறுப்பில்."