ஓமான் டொக்டர்

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதைப் பாவமாகக் கருதிய மனிதர் எங்கள் ஊர் வாவியின் இரு கரையிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஓமான் டொக்டர்.

பெயரை வைத்தவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஓர் ஏறாவூர்க்காரர்.

"உங்களுக்கு ஓமோன் குறைவு" என்றார் டொக்டர்.

"ஓமானுக்கு நான் போகவே இல்லையே டொக்டர். கட்டார்லதான் இரிந்தன்."

டொக்டர் சிரிக்கவில்லை. உடம்பில் சுரக்கும் ஓமோன் என்றால் என்ன என்று மதியம் வரை விளக்கினார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்குப் பசி என்றால் என்ன என்று விளங்கியது.

அந்த வரிசையில் நானும் மகளும் நின்றோம். அவளுக்குக் கழுத்தில் வீக்கம், முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, பகலெல்லாம் தூக்கம். சிரித்து மாதக்கணக்காகிவிட்டது. எங்கள் முறை வந்ததும் இரத்தப் பரிசோதனை முடிவை நீட்டினேன்.

"டொக்டர், பயப்படுற மாதிரி ஏதும் இரிக்கா?"

சாதாரண மனிதர்களிடம் இதற்கு இரண்டே பதில்கள் உண்டு. இவரோ வாசலில் நின்ற சிற்றூழியரைக் கூப்பிட்டுக் கதிரையில் குந்த வைத்தார்.

"இந்தக் கதிரைதான் டிஎன்ஏ. இவர் அதில ஒட்டியிரிக்கிற புரதம். எழும்பவும் மாட்டார், வேலை நடக்க விடவும் மாட்டார்."

"அரசாங்கக் கந்தோர்கள்ல பாத்திரிக்கன்" என்றேன்.

"தைரொயிட் ஓமோன் இரத்தத்தில வந்து, கலத்துக்குள்ள புகுந்து, இவரில ஒட்டினாத்தான் இவர்ர குணம் மாறும். அப்பதான் டிஎன்ஏயில இரிக்கிற பரம்பரையலகு வேலை தொடங்கும். நீங்கதான் ஓமோன். வெளிய போய் நடந்து வாங்க பாப்பம்."

ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும் தகப்பனுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும். போனேன், ஓமோனாக நடந்து வந்தேன். புரதம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"பாத்தீங்களா மகள்? வாறதே ஒராள். அதுவும் இவ்வளவு மெல்லமா. இதுதான் உங்கட வருத்தம்."

மகள் சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. புரதத்தின் தோளில் கை வைத்தபடி நின்ற எனக்கு அழுகை வந்தது. டொக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார்.

"குளிசை தாறன். விடாமப் போட்டாச் சரிவரும். பயப்பட ஒண்டுமில்ல."

முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்தக் கிளினிக் வாசலில் அந்தக் கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

மகள் தேறிவிட்டாள், கதவை அறைந்து சாத்தி என்னுடன் சண்டை பிடிக்கும் அளவுக்கு. டொக்டர் இடமாற்றமாகிப் போய்விட்டார். புதியவர் தங்கமான மனிதர். குளிசையை எழுதித் தந்து உடனே அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

போன முறை வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "அவ்வளவுதானாப்பா?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.